எச்.எஸ்.ரி பெட்டியில் ஒயில் ஒழுக்கு: கழற்றுமுன் கழுவுங்கள்

கரடியனாற்றில் பெரும்போக வேளாண்மை வெட்டு தை மாதம் சூடுபிடித்தால் பங்குனி வரை ஓயாது. செங்கலடி–பதுளை வீதியில் கறுத்தப் பாலத்தைத் தாண்டிவிட்டால் இலுப்படிச்சேனை, கரடியனாறு, உறுகாமம் என்று வழிநெடுக லொறியிலிருந்து இறக்கிய அறுவடை இயந்திரங்கள் நிற்கும். வெளி மாவட்டங்களிலிருந்து வாடகைக்கு வருபவையும் அவற்றில் உண்டு. உறுகாமக் குளத்து வட்டைகளும் உன்னிச்சைக் குளத்து வட்டைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விளைவதால், ஒரு மெசின் ஒரு நாள் நின்றாலே வரிசை குலைந்துவிடும். அதற்குள் மழை இறங்கினால் கதிர் சாய்ந்துவிடும். இந்த அவசரத்தில், பெட்டிக்குக் கீழே ஒயில் சொட்டுவதைக் கண்டதும் ஓட்டுநர் சொல்வது ஒன்றுதான்: “ஊத்தி ஊத்தி ஓட்டுவம் அண்ணன், வெட்டு முடியட்டும்.”

சில வேளை அவர் சொல்வது சரி. பல வேளை, ஒரு சீலோடு முடியவேண்டிய செலவு முழுப் பெட்டியின் செலவாகிவிடும். எப்போது ஓட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எதைக் கழற்ற வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

எந்த மெசினில் இந்தப் பெட்டி உண்டு?

இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் இது இல்லை. அது பெல்ட், கிளட்ச், பற்சில்லு என்று நேராக ஓடுவது. மெசி பெர்கசன் 240 போன்ற நாலு சில்லு உழவு இயந்திரங்களும் கிளட்ச்சும் கியரும் கொண்டவையே. எச்.எஸ்.ரி என்று மெக்கானிக்மார் சொல்லும் ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி நம் வயல்களுக்கு வந்தது ரப்பர் சங்கிலியில் ஓடும் குபோட்டா டீசி 70 போன்ற அறுவடை இயந்திரங்களோடுதான். கிளட்ச் மிதிக்காமல் ஒரு லீவரை முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும், நடுவில் வைத்தால் நிற்கும் என்றால் உங்கள் மெசினில் இந்தப் பெட்டி இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கு வைத்திருக்கும் சிறு உழவு இயந்திரத்திலும் ஏறி ஓட்டும் புல்வெட்டியிலும் இருப்பது இதன் தம்பி. அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்புக்குள் வட்டமாக அடுக்கிய சிறு பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின் மேல் உரசிக்கொண்டு சுற்றுகின்றன. நீங்கள் லீவரைத் தள்ளும்போது சாய்வது அந்தத் தட்டுத்தான். தட்டு நேராக நின்றால் பிஸ்டன்கள் அசையாமல் வெறுமனே சுற்றும், ஒயில் தள்ளப்படாது. சாயச் சாய ஒயில் தள்ளப்படும். அந்த ஒயில் எதிரே இருக்கும் மோட்டாரைச் சுழற்ற, அது கியர்ப் பெட்டியைச் சுழற்ற, சங்கிலி நகர்கிறது. பாரம் கூடினால் உள்ளே அழுத்தம் 200 பாருக்கு மேல் ஏறும். கார் ரயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய 2 பார்தான்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் வில்லியம்ஸ், ஜானி என்ற இருவர் போர்க்கப்பல் பீரங்கியைத் திருப்புவதற்கு இதைச் செய்தார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பனி 1967இல் 656 என்ற உழவு இயந்திரத்தில் இதைக் கொண்டுவந்தது.

பிஸ்டனுக்கும் அதன் குழிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் எப்போதும் கொஞ்சம் ஒயில் கசிந்து பெட்டியின் அடியில் சேரும். கசியவும் வேண்டும், உராய்வைக் குறைப்பதும் சூட்டை எடுப்பதும் அந்தக் கசிவே. சேர்ந்த ஒயிலை வடிகட்டி மீண்டும் உள்ளே கொடுக்க ஒரு சின்ன ஊட்டும் பம்ப் உண்டு. ஆகவே ஒயில் மட்டம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்தச் சின்னப் பம்ப். அது காற்றை உறிஞ்சத் தொடங்கினால் பெரிய பம்ப் சில மணி நேரத்திலேயே கீறல் விழுந்து கெடும்.

அதைவிட மோசமானது மண். நூறில் சில பங்கு மில்லிமீற்றர் இடைவெளிக்குள் கரடியனாற்று வயலின் ஒரு மணல் துகள் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒழுகிய ஒயிலுக்குப் புதிதை ஊற்றிவிடலாம். ஒழுக்கைப் பார்க்கிறேன் என்று வட்டைக்குள்ளேயே பெட்டியைத் திறந்து உள்ளே போகவிட்ட மண்ணை வெளியே எடுக்க முடியாது.

கழுவிப் பார்த்தல்

ஒயில் தோன்றிய இடத்திலேயே சொட்டுவதில்லை. அது கீழே வடியும், விசிறிக் காற்றில் பின்னே பறக்கும், வைக்கோல் தூளில் ஊறிப் பெட்டி முழுவதும் கறுப்புச் சேறாகப் பரவும். அந்தச் சேற்றைப் பார்த்து “பம்ப் போயிற்று” என்று சொல்பவரை நம்பாதீர்கள். வெட்டும் தலையைத் தூக்கும் லிப்ட் ஹோஸின் நட்டுத் தளர்ந்து ஒழுகிய ஒயிலும், எஞ்சினிலிருந்து வழிந்த ஒயிலும், டீசலும்கூட இந்தப் பெட்டியின் மேல்தான் வந்து விழும்.

மெசினை இறுகிய தரைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு வளவோ நெல் காயப்போடும் சீமெந்துத் தளமோ போதும். வெட்டும் தலையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுங்கள். பெட்டி ஆறட்டும், வேலை செய்த ஒயில் 80 பாகையைத் தாண்டியிருக்கும், தோலைப் பொசுக்கும். பிறகு ஒட்டிய வைக்கோலைக் கையாலும் கம்பியாலும் உரித்தெடுத்து, தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவித் துணியால் துடையுங்கள். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீரைத் தண்டுச் சீல் மேலோ மூச்சுத் துளை மேலோ நேராக அடிக்க விடாதீர்கள். சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வளவுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்தி ஒயில் சூடேறியதும் நிறுத்திப் பாருங்கள். பவுடரில் ஈரம் தெரியும் இடங்களில் எது உயரமானதோ அதுவே ஊற்று. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் வழிந்தவை. இந்தச் சோதனைக்கு ஒரு பவுடர் டப்பாதான் செலவு. ஆனாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைச் செய்யாமலே ஸ்பனரை எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஓடும் பெல்ட்டுக்குக் கிட்டக் கையை நீட்டி எதையும் தடவிப் பார்க்கக் கூடாது. லிப்ட் ஹோஸ்களில் ஊசித் துளையிருந்து சீறும் ஒயிலையும் விரலால் தேடக் கூடாது. அந்த அழுத்தத்தில் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஒரு எறும்புக் கடி போலத்தான் தெரியும், வலியும் அப்போது இராது; ஆனால் சில மணி நேரத்துக்குள் சத்திர சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். துளை இருக்கும் இடத்தில் மட்டை நனையும். யாருக்காவது அப்படிப் பாய்ந்துவிட்டால் கைமருந்து போட்டு வீட்டில் வைத்திருக்காமல் உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், “அழுத்த ஒயில் உள்ளே போயிருக்கிறது” என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

எங்கே ஒழுகும்?

எளிய இடங்களிலிருந்து தொடங்குவோம். பில்டரை மாற்றிய பின் ஒழுகினால் பழைய பில்டரின் ரப்பர் வளையம் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். புதிய வளையத்தில் ஒயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். சங்கிலி ஸ்பனர் கழற்றுவதற்குத்தான், பூட்டுவதற்கல்ல. அடியில் உள்ள வடிகால் போல்ட்டின் செப்பு வாசர் ஒரு முறை நசுங்கினால் மறுமுறை சரியாக அடைக்காது. ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் ஏமாற்றும். அதன் கிளிப் தளர்ந்திருந்தால் மெசின் ஓடும்போது ஒயில் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். நிறுத்திய பிறகே ஒன்றிரண்டு சொட்டு விழும். வெளியே ஒழுக்குச் சிறிது, உள்ளே கேடு பெரிது. மெசின் புதிதாகக் கீச்சிட்டுக் கத்துகிறது, ஒயில் பார்க்கும் கண்ணாடியில் நுரை தெரிகிறது என்றால் முதலில் இந்தக் கிளிப்பைப் பாருங்கள்.

லீவர்க் கம்பி வந்து சேரும் சின்னத் தண்டுதான் சாய்தட்டைத் திருப்புவது. அதன் சீலில் மண்ணும் தண்ணீரும் படிந்து மெல்லக் கசியும். இது ஒரு போகத்தைத் தாங்கும் கசிவு. துடைத்து, கண்காணித்து ஓட்டலாம்.

அடிக்கடி வருவதும் ஆளைப் படுத்துவதும் பெல்ட் பக்கத்து உள்தண்டுச் சீல். புல்லி சுழலும்போது ஒயிலை வட்டமாக வீசியடிக்கும். பெட்டியின் பக்கச் சுவரிலும் பெல்ட்டிலும் வளையமாக ஈரம் தெரியும். பெல்ட் நனைந்தால் வழுக்கும், மெசின் இழுவை குறையும், பெல்ட்டும் சீக்கிரம் கெடும். இந்தச் சீல் ஏன் போகிறது என்று கேட்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். வைக்கோலும் உரப்பை நூலும் தண்டில் சுற்றி உதட்டை அறுத்திருக்கலாம். பெல்ட் வழுக்குகிறது என்று அளவுக்கு மீறி இறுக்கியதால் பெயாரிங் தேய்ந்து தண்டு ஆடலாம். மூச்சுத் துளை சேற்றால் அடைத்து உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். அல்லது பிஸ்டன்களே தேய்ந்து, பெட்டிக்குள் கசியும் ஒயில் அளவுக்கு மீறிச் சீலை வெளியே தள்ளலாம். கடைசிக் காரணத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: காலையில் நன்றாக ஓடும் மெசின் மத்தியானம் சூடேறியதும் வரம்பு ஏற மறுக்கும். அப்படியென்றால் சீல் உங்கள் பிரச்சினையல்ல.

சங்கிலியை ஓட்டும் பற்சில்லுக்குப் பின்னாலிருந்து ஒழுகுவது எச்.எஸ்.ரி அல்ல, அச்சுத்தண்டுச் சீல். ஆனால் பல மாதிரிகளில் இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒயில்தான் போய்வருகிறது. அங்கே ஒழுகினால் இங்கே பட்டினி. உங்கள் மெசினில் ஒயில் தனித்தனியா, பொதுவா என்று கைநூலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் உடலும் முனைத்தட்டும் சேரும் பொருத்தில் ஈரம் கண்டால் கையை வைக்காதீர்கள். அதைத் திறப்பது பம்பைத் திறப்பது. தூசு இல்லாத மேசையும், இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பனரும், அதைச் செய்து பழகிய கையும் வேண்டும்.

ஓட்டலாமா, நிறுத்தவா?

சொட்டை எண்ணுங்கள். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மி.லீ.; பத்து மணி நேர வேலை நாளில் 180 மி.லீ. காலையும் மத்தியானமும் மட்டம் பார்த்து, அதே வகைப் புது ஒயிலைச் சுத்தமான புனலால் ஊற்றி, வெட்டு முடியும்வரை ஓட்டலாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் அதே நாளில் 1.8 லீற்றர். இது ஊற்றி ஓட்டும் ஒழுக்கல்ல. அதற்கு மேல் கம்பியாக வழிந்தாலும், கத்தும் சத்தம் கேட்டாலும், ஒயில் பால் நிறமானாலும், எரிந்த மணம் வந்தாலும் அந்த வரம்பிலேயே நிறுத்துங்கள். பக்கத்து வயல் போடியார் கோபித்தால் கோபிக்கட்டும்.

நிறுத்திய இடத்திலேயே இரவில் விளக்குப் போட்டுக் கழற்ற வேண்டாம். தூசு ஒரு காரணம். மறு காரணம் யானை. புல்லுமலை, உன்னிச்சைப் பக்கத்தில் விளைந்த வேளாண்மையைத் தேடி அது வரும் நேரம் அது.

உள்தண்டுச் சீல் மாற்றுதல்

மின்கலத்தின் மறைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒயிலைக் கழுவிய வாளியில் இறக்குங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். சாம்பல் நிற மெழுகு போன்ற நுண்தூள் வழமையானது. வாளியின் அடியில் பொன்னிறமாக மின்னும் செதில்கள் கிடந்தால் அது சாய்தட்டில் உரசும் பிஸ்டன் காலணியிலிருந்தோ வால்வுத் தட்டிலிருந்தோ உதிர்ந்த வெண்கலம். அங்கேயே வேலையை நிறுத்திப் பெட்டியைப் பட்டறைக்குக் கொடுங்கள். புதுச் சீல் போட்டு ஒயில் ஊற்றுவது வீண் செலவு.

செதில் இல்லையென்றால் தொடருங்கள். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, புல்லியை இழுப்பான் போட்டு இழுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். அந்த அடி தண்டு வழியாகப் பெயாரிங்குக்கும் பிஸ்டன்களுக்கும் போகும். இப்போது தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் பெயாரிங்கும் போயிற்று.

சர்க்ளிப்பை எடுத்த பின், சீலின் இரும்பு முகத்தில் தண்டிலிருந்து விலகிய ஓரிடத்தில் சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை இரண்டு சுற்று ஏற்றி, அதைக் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். துளையிடும் ஊசியில் கிறீஸ் தடவினால் இரும்புத் தூள் அதில் ஒட்டும், உள்ளே விழாது. ஆழமாகத் துளைத்துப் பெயாரிங்கைத் தொட்டுவிடக் கூடாது. ஸ்குரூ டிரைவரால் நெம்புபவர்கள் தண்டில் கீறல் போட்டுவிடுகிறார்கள்; அந்தக் கீறல் எந்தப் புதுச் சீலையும் ஒழுக வைக்கும்.

தண்டில் பழைய உதடு ஓடிய இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலை ஒரு மில்லிமீற்றர் தள்ளி உட்கார வைக்க இடமிருந்தால் உதடு புது இடத்தில் ஓடும். இடமில்லாவிட்டால் மெல்லிய உறை போட லேத் பட்டறைக்குப் போக வேண்டும். நகம் மாட்டாத சிறு தேய்ப்புக்கு 600ஆம் இலக்க எமரித் தாளைத் தண்டைச் சுற்றி இழுத்து மினுக்கலாம், நீளவாக்கில் இழுக்கக் கூடாது. மினுக்குமுன் குழியைச் சுத்தமான துணியால் அடைத்து, முடிந்ததும் துணியை எடுக்க மறவாதீர்கள். வாவிக்கரை வயல்களில் ஓடி, கழுவாமல் நின்ற மெசினில் உப்பீரத்தால் துருப் புள்ளிகள் விழுந்திருக்கும். அவற்றுக்கும் இதே கணக்கு.

சீலில் மூன்று எண்கள் இருக்கும். 25, 40, 7 என்றிருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிப்பு 7. கடைக்காரர் இந்த மூன்றையும் பார்த்து எடுத்துத் தருவார். அதோடு முடியவில்லை. சாதாரண ஒயில் சீல் 0.3 பார் அழுத்தத்துக்குத்தான் செய்யப்பட்டது. எச்.எஸ்.ரி பெட்டிக்குள் அதைவிட அழுத்தம் ஏறக்கூடிய மாதிரிகளில் கம்பனி போடுவது தடித்த குறு உதடு கொண்ட அழுத்தச் சீல். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று, அளவும் ஒன்று, ஆனால் சாதாரணச் சீல் சில நாளில் மடிந்து ஒழுகும். பழைய சீலைக் கையில் கொண்டுபோய், எண்ணுக்குப் பக்கத்திலுள்ள எழுத்துகளையும் உதட்டின் வடிவையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ரப்பரும் பார்க்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய 100 பாகை வரை தாங்கும், வைட்டன் 200 வரை. மாசி வெயிலில் வைக்கோல் தூசு அடைத்த ரேடியேட்டரோடு ஓடும் மெசினுக்கு, கிடைத்தால் வைட்டன் நல்லது.

மட்டக்களப்பு நகரில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு எகிறியது. ஜப்பானியப் பெயர் அச்சிட்ட போலிச் சீலைக் குறைந்த விலைக்கு வாங்கும் ஆசையும் கூடியது. சீலில் மிச்சம்பிடிக்கும் பணம் ஒரு நாள் வெட்டு நின்றாலே போய்விடும்.

பூட்டும்போது, தண்டின் சாவிப் பள்ளத்தையும் பற்களையும் செலோரேப்பால் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் புது உதடு அதிலேயே அறுபடும். உதட்டில் பெட்டி ஒயில் தடவுங்கள். வில் தெரியும் பக்கம் உள்ளே, ஒயிலை நோக்கி. சீலின் வெளிவிட்டத்துக்குக் கொஞ்சம் சிறிய குழாய்த் துண்டை வைத்து, நாலு பக்கமும் சமமாக மெல்லத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் சரிந்தால் இழுத்து மறுபடி தொடங்குங்கள். சிலிக்கன் பசை தேவையில்லை. பிதுங்கும் பசை உள்ளே உதிர்ந்து, ஒயில் உறிஞ்சும் வாயை அடைத்த பெட்டிகள் உண்டு. ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று போத்தலில் விற்பதையும் இந்தப் பெட்டிக்குள் ஊற்றாதீர்கள். பிரேக் ஒயில் ரப்பரை ஊதவைக்கும். அதையும் “தற்காலிகமாக” ஊற்றச் சொல்வோர் இருக்கிறார்கள்.

ஒயிலும் காற்றும்

எந்த ஒயில் என்பதற்கு ஒரே பதில்: கைநூலில் உள்ளது. குபோட்டா தன் மெசின்களுக்கு யூடிடி என்ற ஒயிலைச் சொல்கிறது. கியர் ஒயில் தடிப்பு. ஊட்டும் பம்ப் அதை உறிஞ்சத் திணறும். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். வாளியில் இறக்கிய ஒயில் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் திரும்ப ஊற்றாதீர்கள். பில்டரையும் இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள்.

ஊற்றியதும் ஓட்டக் கூடாது. கால் மணி நேரம் ஒயில் இறங்கட்டும். லீவர் நடுவில் இருக்க, எஞ்சினை மிக மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பின் லீவரைச் சிறிதளவே தள்ளி ஒரு பாகம் முன்னே, ஒரு பாகம் பின்னே, ஐந்தாறு தடவை நகர்த்துங்கள். முதலில் கத்தும், துடிக்கும். காற்று வெளியேற அடங்கும். நிறுத்தி, நுரை இறங்கியதும் மட்டம் பார்த்து நிரப்புங்கள். லீவர் நடுவில் இருக்கும்போதே மெசின் ஊர்ந்தால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யாமல் வயலுக்கு விடாதீர்கள். மெசினுக்குக் கிட்ட நின்று சாக்குப் பிடிப்பவனும் வைக்கோல் இழுப்பவனும் அந்த நடுநிலையை நம்பித்தான் நிற்கிறார்கள்.

தண்ணீர் புகுந்தால்

சூடான பெட்டி வாய்க்காலிலோ தேங்கிய நீரிலோ இறங்கினால் சட்டெனக் குளிர்ந்து, உள்ளே காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். பால் நிற ஒயில் அதன் விளைவு. ஒரு முறை மாற்றினால் போதாது. புதிதை ஊற்றி மெதுவாக ஓட்டி, அதையும் இறக்கி, பில்டரோடு மறுபடி மாற்ற வேண்டும். 2011 தைமாத வெள்ளம் போல மெசின் நின்ற இடத்திலேயே மூழ்கிப்போனால், “ஸ்டார்ட் ஆகுதா பாப்பம்” என்று சாவியைத் திருப்பாதீர்கள். எல்லா ஒயிலையும் இறக்கிப் பார்த்த பிறகுதான் சாவி.

சிறிய தம்பி

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரின் தோட்ட உழவு இயந்திரத்தில் இருப்பது பம்பும் மோட்டாரும் அச்சும் ஒரே ஓட்டுக்குள் அடைத்த சிறு பெட்டி. டஃப் டோர்க், ஹைட்ரோ கியர் என்பவை அதில் பெயர்பெற்றவை. வெளியே பில்டர் இராத மாதிரிகள் பல. ஹைட்ரோ கியர் பெட்டிகளுக்கு 20டபிள்யூ–50 எஞ்சின் ஒயில், டஃப் டோர்க்கின் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ–30 என்பது வழக்கம். ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காற்றெடுப்பது இதில் எளிது. பின்சில்லுகளை உயர்த்தித் தாங்கி வைத்து, தள்ளிச் செல்வதற்கென்று பின்னால் இருக்கும் கம்பியை இழுத்துவிட்டு மிதிபலகையை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை, பிறகு கம்பியை உள்ளே தள்ளி இன்னும் ஐந்தாறு தடவை. இந்தப் பெட்டிகளில் மலிவானவை உள்ளே தேய்ந்தால் சீல் மாற்றுவது கட்டாது. முழுப் பெட்டியையே மாற்றுவார்கள்.

வேலை முடிந்த பின்

ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் மீண்டும் துடைத்து, பவுடர் தூவிப் பாருங்கள். தினமும் வேலை முடிந்ததும் உள்தண்டிலும் அச்சிலும் சுற்றிய வைக்கோலைக் கத்தியால் அறுத்தெடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ரேடியேட்டர் வலையையும் அதே நேரத்தில் தட்டிவிடுங்கள். சீல்களைக் காப்பதில் இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான மருந்து கடையில் இல்லை. இறக்கிய பழைய ஒயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கானில் அடைத்துக் கராஜுக்குக் கொடுங்கள். இந்தப் பக்கத்து வடிச்சல் நீர் போய்ச் சேருமிடம் மட்டக்களப்பு வாவி.

மாற்றிய சீலின் மூன்று எண்கள், அதன் எழுத்துகள், ஒயிலின் பெயர், மாற்றிய திகதி, மணிக்கூட்டு மீற்றர் காட்டிய மணி ஆகியவற்றை அழியாத மையால் மெசினின் மூடிக்கு உட்புறம் எழுதி வையுங்கள். அடுத்த போகத்துக்கு முன், ஐப்பசி விதைப்பு முடிந்து கை ஓயும் நாளில், ஒரு உதிரிச் சீலும் ஒரு பில்டரும் வாங்கிப் பைக்குள் போட்டுவையுங்கள். தை மாதத்தில் எல்லோரும் தேடும்போது அவை கிடைப்பது அரிது.